வருத்தம் இல்லை என்று எழுதிய பிள்ளைகள்

எங்கள் தாதியர் பயிற்சிப் பாடசாலைக்கு ஆராய்ச்சி வந்த அன்று, என்னை வகுப்பறைக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். நான் அங்கே சிரேஷ்ட டியூட்டர். உள்ளே இருந்தவர்கள் நான் ஊசி பிடிக்கவும் கட்டில் விரிக்கவும் கற்றுக்கொடுத்த இறுதி வருடப் பிள்ளைகள். ஆசிரியர் பக்கத்தில் நின்றால் மாணவிகள் பயந்து உண்மையை எழுத மாட்டார்கள், அதுதான் ஆராய்ச்சி முறை என்று விளக்கம் சொன்னார்கள். அந்தக் காலத்தில் அந்தப் பிள்ளைகள் பயப்பட வேண்டியவர்களின் வரிசையில் நான் எத்தனையாவது ஆள் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றேன்.

இப்போது ஆராய்ச்சி செய்யாத டியூட்டரைக் காண்பது அரிது. மாணவரின் கற்றல் அனுபவம், கற்றல் சூழல், மன அழுத்தம் என்று எதையாவது அளந்துகொண்டிருக்கிறார்கள். அளக்கட்டும். எங்களையும் ஒருமுறை அளந்தார்கள். அளந்து என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லிவைக்கிறேன். இதை நிதானமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். அது எவ்வளவு தூரம் முடியும் என்று தெரியவில்லை.

1. பாலத்துக்கு அங்கால்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. போர்க்காலத்தில் இது வெறும் திசைக் கணக்காக இருக்கவில்லை. பட்டினமும் ஆஸ்பத்திரியும் எங்கள் பாடசாலையும் ஆமியின் பக்கம். வயலும் காடும் சார்ந்த மேற்குப் பக்கம் ஆயுதம் ஏந்திய இயக்கத்தின் பக்கம். இடையில் பாலங்கள், பாலத்தடியில் சோதனை. பாலம் திறப்பதும் மூடுவதும் அன்றன்றைய நிலவரம். சண்டை என்றால் வாரக்கணக்கில் மூடிக்கிடக்கும்.

எங்கள் ஹொஸ்டலைப் பாதுகாப்புத் தேவைக்கென்று எடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் டியூட்டிக்குப் போகையில், தாங்கள் படுத்த கட்டில்கள் மண்மூட்டைக்குப் பின்னால் வெயிலில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு போவார்கள். பட்டினத்துப் பிள்ளைகள் வீட்டிலிருந்து வந்தார்கள். மற்றவர்கள் சொந்தக்காரர் வீடுகளில் ஒட்டிக்கொண்டார்கள். படுவான்கரைப் பிள்ளைகள் ஒருமுறை ஊருக்குப் போனால், திரும்பி வரும் நாள் அவர்கள் கையில் இல்லை. அதனால் அந்த பட்ச்சில் நாலு பேருக்கு வகுப்பு வரவு குறைந்துபோனது. வரவு குறைந்தால் இறுதிப் பரீட்சை எழுத முடியாது என்பது சட்டம்.

அந்த நாலு பேரில் ஒருத்தி கரடியனாற்றுப் பிள்ளை. கமலேஸ்வரி என்று வைத்துக்கொள்வோம். தகப்பன் இல்லை. தாயும் இரண்டு தம்பிமாரும். தாய் அடுத்தவரின் வட்டையில் கூலிக்கு நாற்று நட்டுத்தான் இவளை உயர்தரம் வரை படிப்பித்தாள். வகுப்பில் நடுவாக இருப்பவள். வாயாடி. வார்டில் வயதான மனிசிமார் இவளைத்தான் தேடுவார்கள், காரணம் இவள் கதைத்துக்கொண்டே வேலையை முடித்துவிடுவாள்.

தாய்க்கு முட்டு வருத்தம், அதாவது ஆஸ்துமா. ஒருமுறை லீவில் போகும்போது, டொக்டரிடம் முறையாகத் துண்டு எழுதுவித்து, சல்பியூட்டமோல் குளிசை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போனாள். அக்காலத்தில் பாலத்துக்கு அங்கால் மருந்து கொண்டுபோக விடமாட்டார்கள், இயக்கத்தின் கைக்குப் போய்விடும் என்று. துண்டைக் காட்டினாள். தாதிப் பயிற்சி அடையாள அட்டையையும் காட்டினாள். அட்டையைப் பார்த்தபின் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. குளிசையை எடுத்துக்கொண்டு அவளைப் போக விட்டார்கள்.

சில மாதத்தில் தாய் செத்துப்போனாள். இழுத்து இழுத்துத்தான் செத்தாளாம். இவள் செத்தவீட்டுக்குப் போன பின்னால் சண்டை தொடங்கிப் பாலம் மூடியது. திறந்து, விசாரணை முடிந்து, அவள் வகுப்புக்கு வந்து சேரும்போது வரவு போய்விட்டது.

வந்தவளைப் பெண்கள் மெடிக்கல் வார்டுக்குப் போட்டிருந்தார்கள். அங்கே பாதிப் பேர் முட்டுக்காரர். காலை மருந்துச் சுற்றில் ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு போய், கட்டில் கட்டிலாக அதே குளிசையை எண்ணிக் கொடுப்பாள். கொடுத்து முடித்துவிட்டு, பெட்பேன் கழுவும் அறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். வார்ட் சிஸ்டர்தான் எனக்கு இதைச் சொன்னார். நான் போய்ப் பார்த்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு, சோப்பு கண்ணுக்குள் போய்விட்டது என்றாள். வேறு வார்டுக்கு மாற்றிவிடவா என்று கேட்டேன். வேண்டாம் மிஸ், இதுவும் படிக்கத்தானே வேணும் என்றாள்.

2. கதவுக்குள்

நாலு பேருக்கும் விலக்களிப்புக் கேட்டு நானும் பிரின்சிபலும் கொழும்பில் மேலிடத்துக்கு எழுதினோம். போர் நடக்கும் இடத்தில் பாலத்தை மூடுவது பிள்ளைகள் இல்லை, அவர்கள் எந்த நிலைமையில் படிக்கிறார்கள் என்பதைப் பாருங்கள் என்று விபரமாக எழுதினோம். இல்லை என்று பதில் வரவில்லை. அதைவிட மரியாதையான பதில் வந்தது. போர்ப் பகுதி மாணவியரின் கற்றல் அனுபவம் பற்றி ஒரு ஆய்வு நடக்கவிருக்கிறது, அதன் முடிவைப் பார்த்துத் தீர்மானிப்போம் என்றார்கள். அப்போது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. வந்து கேட்டால் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள், ஒரு சொல் கேட்டால் போதும், கொட்டிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

வந்தவர் டொக்டர் நிர்மலா என்ற தமிழ்ப் பெண். கொழும்பில் பிறந்து வளர்ந்தவர். மேற்படிப்பு சென்னையில். நல்ல மனிசி, அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த நாளில் அவ்வளவு சோதனைகளையும் தாண்டி மட்டக்களப்புக்கு வர ஒரு துணிவு வேண்டும். பிள்ளைகளுக்கு பிஸ்கட் கொண்டுவந்திருந்தார். வினாக்கொத்து ஏதோ வெளிநாட்டில் செய்தது. உலகம் முழுக்கப் பாவிக்கிறார்கள், வலிடேட் பண்ணினது, அதாவது சோதித்து உறுதிப்படுத்தியது என்றார். தமிழாக்கத்தைச் சென்னையில் ஒருவரிடம் செய்வித்திருந்தார். நான் ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டேன். முன்கூட்டியே ஆசிரியர் பார்த்தால் முடிவு கெட்டுவிடும் என்று சிரித்துக்கொண்டே மறுத்தார்.

கதவு திறந்ததும் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். சித்தாண்டிப் பிள்ளை ஒருத்தி என்னிடம் வந்து, "மிஸ், செவிலியர் எண்டா காது டொக்டரா?" என்று கேட்டாள். தாதியர் என்ற சொல்லைத் தவிர வேறு சொல்லை அவர்கள் கேட்டதில்லை. நானும் சிரித்தேன். அது இந்தியாவில் உங்களைத்தான் சொல்வது என்று விளக்கினேன். கமலேஸ்வரி கையில் இரண்டு பிஸ்கட் வைத்திருந்தாள். எல்லாம் எழுதினீங்களா என்று கேட்டதற்கு, எல்லாத்துக்கும் எழுதின மிஸ், ஒண்டும் விடல்ல என்றாள்.

3. அறிக்கை

சில மாதம் கழித்து அறிக்கை வந்தது. ஆங்கிலத்தில், வழுவழுப்பான அட்டையோடு. போர்ச் சூழலிலும் இப்பாடசாலை மாணவியரிடம் மனவருத்தம் அறவே காணப்படவில்லை, அவர்களின் மனத்திடம் வியப்புக்குரியது, கற்றல் சூழல் திருப்திகரமானது என்று அதில் இருந்தது. மேலிடம் அதோடு ஒரு பக்கக் கடிதமும் வைத்திருந்தது. ஆய்வின் அடிப்படையில் விசேட விலக்களிப்புக்கு அவசியம் இல்லை, வரவு குறைந்தவர்கள் அடுத்த பட்ச்சோடு அந்த வருடத்தைத் திரும்பப் படிக்கலாம், அக்காலத்துக்கு உதவிப்பணம் கிடையாது என்றது கடிதம்.

எனக்குப் பிள்ளைகள்மீது கோபம் வந்தது, மறைக்கவில்லை. இவ்வளவு பட்டுவிட்டு ஏன் இப்படி எழுதினார்கள்? கமலேஸ்வரியை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, அறிக்கையில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். ஏன் இல்லை என்று எழுதினீங்க என்று கேட்டேன். அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள்.

"எனக்கு வருத்தம் ஒண்டும் இல்லத்தானே மிஸ்."

"என்ன கதை கதைக்கீங்க புள்ள? ஒவ்வொரு நாளும் அழுறது ஆரு?"

"அது கவல மிஸ். அதுல கேட்டிருந்தது வருத்தம் இரிக்கா எண்டு. எனக்கென்ன, காய்ச்சலா தடிமனா? இரிக்கி எண்டு எழுதினா போர்ட்டுக்கு அனுப்பி அன்ஃபிட் ஆக்கிப்போடுவாங்க எண்டு எல்லாரும் பயந்து இல்ல எண்டுதான் போட்ட. இன்னொண்டு கேட்டிருந்த, வருத்தத்த மத்தப் புள்ளயளோட பகிர்ந்தீங்களா எண்டு. தொத்து வருத்தத்தப் பத்தியாக்கும் எண்டு நினைச்ச. அதுக்கும் இல்ல எண்டு போட்ட."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. புத்தகத் தமிழில் வருத்தம் என்றால் துயரம் என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் எங்கள் வாயில் வருத்தம் என்றால் நோய். சீனி வருத்தம், முட்டு வருத்தம், தொத்து வருத்தம். வார்டில் படுத்திருப்பவர் வருத்தக்காரர். காலையில் ஒரு பிள்ளை என்னிடம் வந்து வருத்தம் என்றால் நான் நெற்றியில் கைவைத்துப் பார்ப்பேன். அப்படிப்பட்ட பிள்ளைகளை ஆஸ்பத்திரி வளவுக்குள் இருத்தி, பயிற்சிக் காலத்தில் உங்களுக்கு வருத்தம் இருந்ததா என்று கேட்டால், அவர்கள் தங்கள் உடம்பைப் பற்றித்தான் யோசிப்பார்கள். பயிற்சியில் நோயாளி என்று தெரிந்தால் மெடிக்கல் போர்ட், போர்ட்டில் அன்ஃபிட் என்றால் வீடு. ஆகவே அத்தனை பேரும் ஒரே குரலில் இல்லை என்று எழுதிவிட்டார்கள். அத்தனை பேரும் ஒரே மாதிரி எழுதியதைப் பார்த்து ஆராய்ச்சிக்காரருக்குச் சந்தேகம் வரவில்லை, வியப்புத்தான் வந்திருக்கிறது.

பிறகு மற்றப் பிள்ளைகளையும் கேட்டேன். அதே கதைதான். ஒருத்திக்கு மட்டும் இது கவலையைக் கேட்கிறார்களோ என்று யோசனை வந்ததாம். பக்கத்தில் இருந்தவள், கவலையை ஆரு பரீட்சை வச்சுக் கேப்பாங்க என்று சொல்லி அவளையும் இல்லை என்று போட வைத்துவிட்டாள். அவள் சொன்னதிலும் பிழை இல்லை. எங்கள் கவலையை அதுவரை யாரும் கேட்டது கிடையாது.

4. கொழும்பில்

ஆய்வு முடிவுகளைக் கொழும்பில் ஒரு மண்டபத்தில் சமர்ப்பிக்கப் போகிறார்கள் என்று எனக்கும் ஓர் அழைப்பு வந்திருந்தது. லீவு எடுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு சோதனையிலும் எல்லாரோடும் இறங்கி, வரிசையில் நடந்து, பையைக் கொட்டிக் காட்டி, மறுபடி ஏறி, உடுத்த சேலை கசங்கப் போய்ச் சேர்ந்தேன். கையில் பிள்ளைகள் சொன்னதை எழுதிய ஒரு தாள். விலக்களிப்பை மறுத்திருந்தாலும் பரீட்சை இன்னும் நடக்கவில்லை. அதற்குள் இந்த ஒரு சொல்லை விளங்கப்படுத்தினால் போதும் என்ற நம்பிக்கை.

டொக்டர் நிர்மலாவை அவர் மேடைக்குப் போக முன்னமே பிடித்துவிட்டேன். சொன்னேன். அவருடைய முகம் மாறியது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

"மிஸ், நீங்க சொல்றது சரியா இருக்கலாம். ஆனா இது வலிடேட் பண்ணின டூல். ஒரு சொல்லுக்காக முழு ஸ்டடியையும் வாபஸ் வாங்க ஏலாது. லிமிட்டேஷன்ல ஒரு வரி போடுறேன்."

அந்த நாலு பிள்ளைகளின் கதை என்ன என்று கேட்டேன். அது நிர்வாகத்தின் விஷயம், தனக்குச் சம்பந்தமில்லை என்றார். பிறகு மேடைக்குப் போய் எங்கள் பிள்ளைகளின் மனத்திடத்தைப் பற்றிப் பேசினார். நன்றாகப் பேசினார். கை தட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர் திரும்பி, உங்கள் மாணவியர் அற்புதமானவர்கள் என்று என்னை வாழ்த்தினார்.

தேநீர் இடைவேளையில் மேலிடத்து அதிகாரியைப் போய்க் கண்டேன். அவருக்குத் தமிழ் தெரியாது. ஒரே சொல் ஓர் ஊரில் துயரம், இன்னோர் ஊரில் நோய் என்பதை ஆங்கிலத்தில் விளங்கப்படுத்திப் பாருங்கள், அப்போது தெரியும். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, பிள்ளைகளே இல்லை என்று எழுதியிருக்கிறார்கள், நீங்கள் ஏன் இருக்கிறது என்று சொல்கிறீர்கள் என்று கேட்டார். நான் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆசிரியர் மாணவியர்மேல் பாசம் வைப்பது நல்லது, ஆனால் ஆய்வு என்பது பாசத்துக்கு அப்பாற்பட்டது என்று எனக்கு உபதேசம் செய்துவிட்டு, கேக் எடுக்கச் சொன்னார்.

திரும்பி வரும் வழி முழுக்க எனக்குள் ஒரே கொதிப்பு. மொழிபெயர்த்தவர் மட்டக்களப்பைக் கண்டிருக்கமாட்டார். அவரில் எனக்குக் கோபம் இல்லை. தெரியாமல் நடந்தது அது. தெரிந்த பிறகு நடந்ததுதான் என்னை இன்றுவரை எரிக்கிறது. அச்சடித்த ஆய்வில் டொக்டர் நிர்மலா வாக்குக் கொடுத்தபடி ஒரு வரி இருந்தது. சில சொற்கள் பிரதேச வழக்கில் வேறு விதமாக விளங்கிக்கொள்ளப்பட்டிருக்கக்கூடும் என்று கடைசிப் பக்கத்தில், ஆய்வின் குறைபாடுகள் என்ற தலைப்பின் கீழ், பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். நாலு பிள்ளைகளின் தலைவிதி அந்தக் 'கூடும்' என்ற சொல்லுக்குள் போய்விட்டது.

5. திரும்பப் படித்தவர்களும் படிக்காதவளும்

மூன்று பேர் திரும்பப் படித்தார்கள். அவர்களுக்குத் தகப்பன்மார் இருந்தார்கள். எப்படியோ சமாளித்து இன்று நல்ல நிலையில் இருக்கிறார்கள். கமலேஸ்வரியை என் வீட்டிலேயே தங்கிப் படிக்கச் சொன்னேன். தம்பிமார் இரண்டு பேரும் தனியே கிடக்கிறார்கள், உதவிப்பணம் இல்லாமல் அவர்களுக்கு என்ன அனுப்புவது என்றாள். அவர்களை இங்கால் கூட்டிவரப் பாஸ் கேட்டோம், கிடைக்கவில்லை. பயிற்சி அட்டை இருக்கும்வரைதான் அவளுக்கு இரண்டு பக்கமும் போக்குவரத்து. படிப்பை விட்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்த அன்றே அதுவும் போனது. கலியாணம் ஆகாத பிள்ளை அங்கே தனியே இருந்தால் இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற பயம் வேறு. ஊருக்குப் போன கையோடு அவளை அவசர அவசரமாக யாருக்கோ கட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த மனிசனும் பிற்பாடு ஒரு நாள் விறகுக்குப் போய்த் திரும்பி வரவில்லை.

சண்டை ஓய்ந்து பாதைகள் திறந்திருந்த ஒரு காலம். புது பட்ச் ஒன்றை முதல்முதலாக வார்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முதல் நாள் பிள்ளைகள் எப்போதும் ஒரே கும்பலாகத்தான் நிற்பார்கள், எங்கே கையை வைப்பது என்று தெரியாது. அதில் கொஞ்சம் துணிந்த ஒருத்தி, நிலம் துடைத்துக்கொண்டிருந்த சிற்றூழியப் பெண்ணைப் பார்த்து, அக்கா, அஞ்சாம் கட்டிலுக்கு ஒரு பெட்பேன் என்று சொன்னாள். அந்தப் பெண் நிமிர்ந்தாள். கமலேஸ்வரி.

மெலிந்திருந்தாள். பச்சைச் சட்டை தோளில் தொங்கியது. என்னைக் கண்டதும் சிரித்தாள். பெட்பேனைக் கொண்டுபோய் வைத்து, திரையை இழுத்துவிட்டு வந்தாள். அதற்குள் என் முகத்தில் என்ன தெரிந்ததோ, பிள்ளைகளைத் தாண்டி என் பக்கத்தில் வந்து நின்று குரலைத் தாழ்த்தினாள்.

"மிஸ், நான் இஞ்ச படிச்சனான் எண்டு புள்ளயளுக்குச் சொல்லிப்போடாதீங்க."

"ஏன் புள்ள?"

"பிறகு எனக்கு வேல சொல்லக் கூச்சப்படுவாங்க. சிஸ்டர் பாத்திட்டு வேற வார்டுக்கு மாத்திப்போடுவா. இஞ்ச மட்டும்தான் மிஸ் எனக்கு நைட் இல்ல. வீட்டுல மகன் தனிய."

படித்ததை மறைத்தால்தான் வேலை நிலைக்கும் என்ற நிலையில் ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். நான் அவளுடைய கையைப் பிடித்தேன். ஈரக் கை. அவள் மெதுவாக விடுவித்துக்கொண்டாள், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

யார் மிஸ் அது, உங்களுக்குத் தெரிந்தவங்களா என்று ஒருத்தி கேட்டாள். ஓம், ஊரில் தெரியும் என்றேன். வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் வந்தபோது, அக்காவுக்கு வழி விடுங்க என்று மட்டும் சொன்னேன். பிள்ளைகள் ஒதுங்கி நின்றார்கள்.

ஆராய்ச்சி செய்யும் இளம் டியூட்டர்மாருக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். முடிவை எழுதியதும் அச்சுக்குக் கொடுத்துவிடாதீர்கள். யாரைப் பற்றி எழுதினீர்களோ அவரை இருத்தி, அவருடைய வாய்ப் பேச்சிலேயே அதை வாசித்துக் காட்டுங்கள். அது நான் இல்லை என்று அவர் சொன்னால் கிழித்துப் போடுங்கள். அறிக்கை வந்த பிறகு கமலேஸ்வரிக்கு வாசித்துக் காட்டியது நான்தான். அவள் ஒரு நிமிஷத்தில் பிழையைச் சொல்லிவிட்டாள். அந்த ஒரு நிமிஷத்தை அவளுக்குக் கொடுக்க அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை.